முன்பணம் கட்டுவதற்கு முன்

பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் என்றால் விமானக் கணக்கு ஒன்றாவது வந்துவிடும். மணி அடித்ததும் எல்லாரும் வெளியே ஓட, ஒரு மாணவி மட்டும் மேசை அருகே வந்து நின்றாள். கையில் நான்காக மடித்த வழவழப்பான நோட்டீஸ்.

"டீச்சர், இதுல ஐம்பதாயிரம் கட்டினா பைலட் சீட்டு உறுதியாம். நெசமா?"

வாங்கிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை போட்ட ஒரு பெண்ணின் படம். 'தனியார் விமானி உரிமம், நாற்பதே மணி நேரத்தில்! பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும்! முன்பணம் கட்டி இடத்தை உறுதிசெய்யுங்கள்.' கீழே ஒரு கைபேசி எண். விமானம் எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை நிற்கிறது, யார் கற்றுத்தருகிறார்கள் என்று ஒரு வார்த்தையும் இல்லை.

வெளியூரில் கடை வைத்திருக்கும் அவள் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தது. அப்பா ராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளி. நான் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் நேரத்தில் அவர் இங்கிருந்து அங்கே போவார். பேருந்து நிலையத்தில் பார்த்தால் ஒரு வணக்கம் உண்டு. அந்த ஐம்பதாயிரத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைக்க வீட்டில் பேச்சு நடக்கிறது என்றாள்.

"நாளைக்குச் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் விட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் இதே ஆசையோடு வந்தான். "பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்கலாம்?" என்று கேட்டான். கணக்கில் சுமார்தான். "உனக்கு வணிகவியல் சுலபமாக வரும். பைலட் ஆவதற்குப் பன்னிரண்டு முடித்தால் போதும், எந்தப் பிரிவானாலும் பரவாயில்லை" என்று தைரியமாகச் சொன்னேன். அவனும் நம்பினான். பன்னிரண்டு முடித்து விசாரித்தபோதுதான், வேலைக்கான வணிக விமானி உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேறியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதலாம் என்று யாரோ வழி சொன்னார்கள். அதற்குள் தங்கையின் கல்யாணம் வந்துவிட்டது. இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். என்னைப் பார்த்தால் சிரித்துக்கொண்டுதான் பேசுவான். எனக்குத்தான் முகம் கொடுக்க முடிவதில்லை.

ஆகவே இந்த முறை விசாரித்துவிட்டுப் பேசுவது என்று முடிவுசெய்தேன். அந்த விசாரணையையே மூன்று பாடவேளைகளாகப் பிள்ளைகளோடு சேர்ந்து நடத்தினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மிடமும் இந்தக் கேள்வியோடு பிள்ளைகள் வருவார்கள். கோவில்பட்டி அருகே உள்ள பழைய விமான ஓடுதளத்தில் பயிற்சி நிறுவனம் அமைக்க டிட்கோ முயற்சி எடுத்த செய்தி வந்த பிறகு, தெற்கு மாவட்டங்களில் இந்தப் பேச்சு கூடியிருக்கிறது.

எல்லாம் உண்மை, ஆனால்

முதல் பாடவேளை ஹைடெக் லேபில். நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு வரியையும், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.யின் விதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வேலை. பிள்ளைகள் பொய்யைக் கண்டுபிடிக்கும் உற்சாகத்தோடு உட்கார்ந்தார்கள். பொய் ஒன்றும் அகப்படவில்லை.

தனியார் விமானி உரிமத்துக்கு, அதாவது பி.பி.எல்.லுக்கு, வயது 17 ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரமாவது பயிற்றுநர் இல்லாமல் தனியாக. ஊர் விட்டு ஊர் தனியாகப் பறந்தது 5 மணி நேரம். அதற்கும் முன்னால், 16 வயதில் மாணவ விமானி உரிமம் பெற்றுத்தான் பயிற்சியே தொடங்கலாம். நோட்டீஸ் சொன்ன நாற்பது மணி, பத்தாம் வகுப்பு இரண்டும் சரியாகவே இருந்தன.

"அப்ப நல்ல நோட்டீஸ்தானா டீச்சர்?" என்றான் ஒருவன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"இதுல சொல்லாதது என்னன்னு தேடுங்க" என்றேன்.

கால் மணி நேரம் கழித்து ஒரு பிள்ளை எழுந்து வாசித்தாள். பி.பி.எல். வைத்திருப்பவர் விமானம் ஓட்டுவதற்காகச் சம்பளம் வாங்கக் கூடாது. அது தன் விருப்பத்துக்குப் பறப்பதற்கான உரிமம். வேலைக்கு வேண்டியது வணிக விமானி உரிமம். சி.பி.எல். என்பார்கள். அதற்கு வயது 18, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், மொத்தம் 200 மணி நேரப் பறப்பு, தவிர எழுத்துத் தேர்வுகள். ஒவ்வொரு தாளிலும் தேர்ச்சி மதிப்பெண் 70 சதவீதம். பி.பி.எல்.லுக்காகப் பறந்த மணிகள் இந்த 200இல் சேரும். அவ்வளவுதான் அதற்கும் வேலைக்கும் உள்ள உறவு. நோட்டீஸில் 'வேலை' என்ற சொல்லே இல்லை. தோள்பட்டையில் தங்கக் கோடு போட்ட படம்தான் அந்தச் சொல்லைச் சொல்லாமல் சொல்லியது.

அந்த மாணவி தன் நோட்டில் 'நாற்பது' என்பதைக் கோடிட்டுவிட்டுப் பக்கத்தில் 'இருநூறு' என்று எழுதுவதைப் பார்த்தேன். முகம் வாடவில்லை. கணக்குப் பிள்ளை அவள். எண் எவ்வளவு என்று தெரிந்தால் போதும்.

இப்படி விதிகளைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும். விதிகள் மாறக்கூடியவை. சி.பி.எல்.லுக்கு இயற்பியல், கணிதம் கட்டாயம் என்பதைத் தளர்த்துவது பற்றியும் பேச்சு அடிபட்டிருக்கிறது. ஆகவே நாம் மனப்பாடமாகச் சொல்வதைவிட, அன்றைய விதியைப் பிள்ளையின் கையாலேயே டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் எடுக்க வைப்பது நல்லது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் கடினம். ஆனால் எண்களும் வயதும் பாடப் பெயர்களும் புரிந்துவிடும். மீதிக்கு ஆங்கில ஆசிரியரை அழைத்தேன். அவர் அதையே ஒரு வாசிப்புப் பயிற்சியாக்கிவிட்டார்.

எந்தக் கிளப்?

இரண்டாம் நாள் கேள்வி இதுதான். சேருவதென்றால் எங்கே சேருவது?

நம் நாட்டில் பறக்கும் கிளப் என்பது பழைய சொத்து. ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றது பம்பாய் ஃபிளையிங் கிளப்பில் கற்றுத்தான். சென்னையின் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பும் சுதந்திரத்துக்கு முந்தையது. பெண் பிள்ளைகளுக்கு உஷா சுந்தரத்தைப் பற்றிச் சொன்னேன். பெங்களூரு ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் பயின்றவர். 1951இல் சென்னை அரசுக்காக வாங்கிய டோவ் ரக விமானத்தைக் கணவர் சுந்தரத்தோடு சேர்ந்து இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஓட்டி வந்தவர். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்று கிளப் என்ற பெயர் இருந்தாலும், அகாடமி என்ற பெயர் இருந்தாலும், டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் பெற்ற விமானப் பயிற்சி நிறுவனமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒப்புதல் பெற்றவற்றின் பட்டியலை இயக்குநரகமே வெளியிடுகிறது. 2025 முதல் தர வரிசையும் தருகிறது.

நோட்டீஸில் இருந்த பெயரைப் பட்டியலில் தேடினோம். இல்லை. அதனால் அது மோசடி என்று நான் சொல்லவில்லை. அவர்கள் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவர்களாக இருக்கலாம். அப்படியென்றால் எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டும், முன்பணத்துக்கு ரசீது யார் பெயரில் என்று சொல்ல வேண்டும். இது முதல் கேள்வியாகப் பலகையில் ஏறியது.

அடுத்ததை நான் கணக்காகக் கொடுத்தேன். இந்த ஒரு கணக்குக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று தோன்றியது.

ஒரு கிளப்பில் 6 விமானங்கள், 90 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு விமானமும் நாளொன்றுக்கு 5 மணி நேரம் பறக்கிறது. ஆளுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? 30 மணி நேரத்தை 90 பேருக்குப் பங்கிட்டால் 20 நிமிடம். நாற்பது மணி என்பது 2,400 நிமிடம். ஆக 120 பறக்கும் நாள்கள். மாதத்தில் 15 நாள் வானிலை இடம் கொடுத்தால் 8 மாதம்.

இப்போது ஒரு மாற்றம். ஆறில் இரண்டு விமானம் பழுதாகிக் கொட்டகையில் நிற்கிறது. பறப்பது நான்குதான். ஆளுக்கு 13 நிமிடம் 20 நொடி. 180 நாள். ஒரு வருடம். அதே கிளப்பில் இருநூறு மணி நேரம் பறக்க வேண்டுமென்றால் ஐந்து வருடம்!

வகுப்பில் "ஆ" என்ற சத்தம் கேட்டது. எண்களெல்லாம் நான் கற்பனையாக வைத்தவை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆனால் வகுத்தல் கற்பனை அல்ல. 'உங்களிடம் எத்தனை விமானம் இருக்கிறது?' என்று கேட்டால் பெரிய எண் வரும். 'இன்றைக்கு எத்தனை பறந்தது? எத்தனை மாணவர்கள்? எத்தனை பயிற்றுநர்கள்?' என்று கேட்டால்தான் நமக்கு வேண்டிய எண் வரும். போன வருடம் சேர்ந்தவர் இன்று எத்தனை மணி முடித்திருக்கிறார் என்று அங்கே படிக்கும் ஒருவரையே கேட்டுவிட்டால் வகுத்தல்கூட வேண்டாம்.

பணத்தையும் இதே வழியில் பார்த்தோம். கணக்குக்காக மணிக்கு 15,000 ரூபாய் என்று வைத்தோம். 40 மணிக்கு 6 லட்சம். ஆனால் நாற்பது என்பது குறைந்தபட்சம். பலருக்கு அதற்கு மேல் ஆகும். 52 மணி ஆனால் 7 லட்சத்து 80 ஆயிரம். விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், மருத்துவச் சோதனை எல்லாம் தனி. மொத்தப் பணத்தையும் முதலிலேயே கேட்கும் இடமா, பறக்கப் பறக்கக் கட்டும் இடமா என்பது பெரிய வித்தியாசம். பாதியில் நின்றால் மீதிப் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். "எங்க அம்மா சீட்டுப் போட்டு ஏமாந்தாங்க டீச்சர், எழுதி வாங்கலை" என்று ஒரு பையன் சொன்னான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓடுதளமும் காற்றும்

பள்ளிப் படிப்பு எவ்வளவு உதவும் என்று நானே எதிர்பார்க்காத இடம் இது.

விமானப் பயிற்சியில் 'பறந்த நேரம்' என்றால் எது? சக்கரம் தரையை விட்ட கணத்திலிருந்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விதிப்படி, புறப்படுவதற்காக விமானம் முதலில் நகரத் தொடங்கியதிலிருந்து, திரும்பி வந்து ஓய்ந்து நிற்கும் வரை உள்ள மொத்த நேரமும் பறந்த நேரம். அப்படியானால், பெரிய பயணிகள் விமானங்கள் வந்துபோகும் ஓடுதளத்தில் ஒரு சின்ன விமானம் வரிசையில் கால் மணி நேரம் காத்து நின்றால், அதுவும் கணக்கில் ஏறும். அதற்கும் காசு. ஒவ்வொரு மணியிலும் 15 நிமிடம் இப்படிப் போனால் நாற்பதில் பத்து மணி தரையிலேயே போய்விடும். உரிமத்துக்கு அது கணக்காகும், கைப்பழக்கத்துக்கு ஆகாது. தரையிறங்கும் பழக்கம் தரையிறங்கித்தான் வரும். ஆகவே, 'ஓடுதளம் யாருடையது? எந்த நேரத்தில் உங்களுக்குத் தருவார்கள்?' என்பது நான்காம் கேள்வியானது. அதேசமயம், பெரிய நிலையத்தில் பறப்பவருக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் பழக்கம் சீக்கிரம் வரும் என்பதையும் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு லாபம்தான். எது வேண்டும் என்று தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும்.

காற்றைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதம் ராஜபாளையத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக் காற்றில்தான் கயத்தாறிலும் ஆரல்வாய்மொழியிலும் காற்றாலைகள் சுற்றுகின்றன. காற்றாலைக்கு நல்ல காற்று, கற்றுக்குட்டி விமானிக்கு நல்ல காற்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சுழன்று குலுக்கும். ஓடுதளத்துக்குக் குறுக்கே வீசினால் மாணவரைத் தனியாக விடமாட்டார்கள். நண்பகல் வெயிலில் சூடான காற்று அடர்த்தி குறைந்து, விமானம் எழும்ப அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். காலை நேரப் பறப்பு ஏன் நல்லது என்பதற்கு அறிவியல் ஆசிரியர் ஒரு பாடவேளை முழுவதும் எடுத்துக்கொண்டார். அவர் அன்றைய பாடத்தை முடிக்கவில்லை, தலைமையாசிரியரிடம் நான்தான் பழி வாங்கிக்கொண்டேன். 'வருடத்தில் எத்தனை நாள் பறக்க முடிகிறது?' என்பது இப்படித்தான் பட்டியலில் ஏறியது.

முக்கோணவியலுக்கும் திரும்பினோம். ஓடுதளத்தைச் சுற்றிப் பயிற்சி விமானங்கள் வழக்கமாக ஆயிரம் அடி உயரத்தில் வட்டமிடும். ஆயிரம் அடி எவ்வளவு? ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி. அதுபோல ஐந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கிட்டத்தட்ட வந்துவிடும். அந்த உயரத்திலிருந்து 3 பாகை இறக்கக்கோணத்தில் இறங்கினால், ஓடுதளத்துக்கு எவ்வளவு தூரத்தில் இறங்கத் தொடங்க வேண்டும்? 305 மீட்டரை tan 3°இன் மதிப்பான 0.0524ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5,800 மீட்டர். நம் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரத்தில் பாதி. கொட்டாவி விடும் கடைசி வரிசை அன்று விடவில்லை.

சமூக அறிவியல் ஆசிரியை வரைபடத்தைக் கொண்டுவந்தார். பி.பி.எல்.லுக்குத் தனியாகப் பறக்க வேண்டிய நீண்ட பயணம் குறைந்தது 150 கடல் மைல். வழியில் இரண்டு வேறு விமானத்தளங்களில் இறங்கி நின்று புறப்பட வேண்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அட்சரேகையில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 150 கடல் மைல் என்றால் 277.8 கிலோமீட்டர். மதுரையில் கிளம்பி தூத்துக்குடி, அங்கிருந்து திருச்சி, மறுபடி மதுரை என்று ஒரு குழு முக்கோணம் போட்டது. அளந்தால் 480 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. தாராளமாகப் போதும். மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு விடை நான்கு நிமிடத்துக்குள் வந்தது. "நம்ம பஸ்ஸு அரை மணி நேரம் டீச்சர், அதுவும் இடம் கெடைச்சா" என்றது வகுப்பு.

பணத்துக்கு முன் உடல்

பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே எழுத வேண்டியது மருத்துவச் சோதனை. இதை நாங்கள் கடைசியாகத்தான் கண்டுபிடித்தோம், பிறகு அழித்து முதலில் எழுதினோம். மாணவ உரிமத்துக்கும் பி.பி.எல்.லுக்கும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும், சி.பி.எல்.லுக்கு அதைவிடக் கடுமையான முதல் வகுப்புச் சான்றும் வேண்டும். டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவர்களிடமே அதைப் பெற முடியும். கண்ணாடி போட்டவர்கள் விமானி ஆக முடியாது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. கண்ணாடியோடு உரிய அளவு பார்வை இருந்தால் தகுதி பெறலாம். நிறப்பார்வைக் குறைபாடுதான் பெரிய தடை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத நிலை, எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கிளப்பில் பணம் கட்டி, விடுதியில் சேர்ந்த பிறகு இது தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா படங்களைத் திரையில் போட்டு வாசிக்கச் சொன்னேன். ஒரு பையன் வேறு எண் சொன்னான், வகுப்பு சிரித்தது. அவன் மறுபடி வாய் திறக்கவில்லை. உடனே நிறுத்திவிட்டேன். திரையின் நிறத்தை நம்ப முடியாது என்பது ஒன்று. ஒரு பிள்ளையின் உடலைப் பற்றிய செய்தியை நாற்பது பேர் முன்னால் வெளியே எடுக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். மாலையில் அவன் வீட்டாரிடம் பேசி, அரசு மருத்துவமனைக் கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். இதை வகுப்பில் சோதிக்க வேண்டாம் என்று மற்ற ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் கேட்ட பிறகு, பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன சொல்வது என்ற கேள்வி நிற்கிறது. கலாம் அவர்கள் டேராடூனில் விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்ததை நாம் எல்லாரும் சொல்கிறோம். நல்ல கதைதான். ஆனால் அதோடு நிறுத்தினால் அந்தப் பிள்ளையின் பை நிறையாது. சொல்ல வேண்டியவை வேறு உண்டு. தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வை 2022 பயிற்சி அணியிலிருந்து பெண்களும் எழுதிச் சேர்கிறார்கள். விமானப்படைப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். தேர்வானால் பறக்கக் கற்றுத்தரும் செலவு அரசுடையது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானிப் பயிற்சியும் இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் ரேபரேலி அருகே ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். எந்த வழியானாலும் பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவை எடுத்திருந்தால் கதவு திறந்திருக்கும். பத்தாம் வகுப்பு ஆசிரியரான நான் அந்த மாணவனுக்குச் சொல்லத் தவறியது இந்த ஒரு வரியைத்தான்.

மூன்றாம் நாள் மாலை அவள் அப்பா ஷிப்ட் முடிந்து பள்ளிக்கு வந்தார். பஞ்சுத் தூசி சட்டையில் இருந்தது. கேள்விப் பட்டியலை அவரிடம் கொடுத்தேன். மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"வேணாம்னு சொல்றீங்களா டீச்சர்?"

"இல்லைங்க. இப்பப் பணம் கட்ட வேணாம்னு சொல்றேன். அவளுக்கு இன்னும் பதினாறு முடியல. முதல்ல கண்ணைக் காட்டிட்டு வாங்க. பதினொண்ணுல கணக்குப் பிரிவு போடுவோம். அதுக்குள்ள இந்தக் கேள்விக்கெல்லாம் யாரு பதில் சொல்றாங்கன்னு பார்ப்போம்."

"தம்பிகிட்ட என்ன சொல்ல? அவன் அவங்ககிட்ட பேசிட்டானே."

"நானே பேசறேன்ப்பா" என்றாள் மகள்.

மறுநாள் மதிய இடைவேளையில், சித்தப்பாவைத் தொடர்பில் வைத்துக்கொண்டு, நோட்டீஸில் இருந்த எண்ணுக்கு அப்பாவின் கைபேசியிலிருந்து அவளே பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். எந்த நிறுவனம் என்று கேட்டதற்கு, "பெரிய நிறுவனம்மா, சேர்ந்ததும் சொல்லுவோம்" என்றார். எத்தனை விமானம் என்றதற்கு நிறைய என்றார். இன்றைக்கு எத்தனை பறந்தது என்றதும் கொஞ்சம் நின்றார். பிறகு அவள் நான்காம் கேள்விக்கு வந்தாள்.

"சார், ஓடுதளம் யாருடையது?"

"கேட்டுட்டு நானே கூப்பிடுறேன்மா."

மூன்று வாரமாகிறது. அழைப்பு வரவில்லை. நகை வீட்டில் இருக்கிறது. அவள் அரசு மருத்துவமனையில் கண் காட்டிவிட்டு வந்தாள். இடது கண்ணுக்கு மட்டும் சின்ன பவர், நிறப்பார்வை சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை கணக்கு நோட்டின் அட்டைக்குள் வைத்திருக்கிறாள்.